கருநீல மெருகைத் தின்ற வினிகர்
தாத்தாவுக்குப் பின் என் பெயருக்கு உரிமம் மாறிய 12 போர் (bore, குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியின் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் மிளகளவு துருவைக் கண்டு, வினிகரில் நனைத்த துணியால் துடைத்தேன். சில நிமிடங்களில் துருவோடு கருநீல மெருகும் கரைந்து, வெளிறிய சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. அந்த மெருகு மேலே அடித்த பெயின்ட் அன்று; இரும்பின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம் என்பதால் அமிலம் அதைத் தின்றுவிடும். துருநீக்கித் திரவங்கள் பலவற்றிலும் அமிலமே இருக்கிறது.

அதன்பின், இரு குழல்களிலும் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, எஞ்சிய புள்ளிகளில் துப்பாக்கி எண்ணெயை இரவு முழுதும் ஊறவிட்டு, 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால் (மிக நுண்ணிய எஃகு நார்) அழுத்தாமல் தேய்த்தேன். துரு மட்டும் பழுப்புக் குழம்பாக வழிந்தது. வெளிறிய இடத்தைச் சரிசெய்யும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தேன். நிக்கல் முலாம் பூசிய பாகங்களில் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையும் நான் தொடவிடுவதில்லை. முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால், கீறல் வழியே இறங்கி அதை அரித்துவிடும்.