டூல் விளக்கத்தை மாற்றினேன், ஏஜெண்ட் திருந்தியது

மொரிஷியஸ் எபேன் சைபர்சிட்டியில் எங்கள் குழுவின் கிட்ஹப் இஷ்யூக்களை (நிரல் வைத்திருக்கும் தளத்தில் பதிவாகும் பழுதுகள், கோரிக்கைகள்) ஒரு ஏஐ ஏஜெண்ட்தான், அதாவது டூல்களைத் தானே இயக்கி வேலை செய்யும் ஏஐதான், பார்த்துக்கொள்கிறது. திறந்திருக்கும் இஷ்யூக்களை எண்ணச் சொன்னால் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) சேர்த்து எண்ணும், கமெண்ட் போடச் சொன்னால் "கிடைக்கவில்லை" என்னும் 404 பிழையோடு திரும்பி வரும். மாடலை மாற்றலாம் என்றார்கள். நான் ஏஜெண்ட் இஷ்யூக்களை எடுக்கும் டூலின் விளக்கத்தை, அதாவது ஏஜெண்ட் படித்து நடக்கும் குறிப்பை, திறந்து பார்த்தேன்: "இஷ்யூக்களைத் தரும்". அவ்வளவுதான்!

கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐ (மற்ற நிரல்கள் கிட்ஹப்போடு பேசும் வழி) ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் இஷ்யூவாகவே கணக்கில் எடுக்கும், அதற்கென்று பதிலில் வரும் தனிப் புலத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும், கமெண்ட் போடுவதற்கு நீளமான உள் ஐடி உதவாது, திரையில் தெரியும் சின்ன எண்தான் வேண்டும், பட்டியல் பக்கத்துக்கு 30 இஷ்யூதான் வரும், கேட்டால் 100 வரை கிடைக்கும். இதையெல்லாம் யாரும் சொல்லாமல் ஏஜெண்ட்டுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் விளக்கத்திலேயே எழுதினேன், உதாரண எண்ணோடு. எண்ணிக்கையும் கமெண்ட்டும் சரியாகிவிட்டன.

அப்புறம் தேடும் டூல். இங்கே வாடிக்கையாளர் பிரெஞ்சில் எழுதுவார், டெவலப்பர் ஆங்கிலத்தில் எழுதுவார். "புதிதாகத் திறக்கும் முன் இரண்டு மொழியிலும் தேடு, மூடிய இஷ்யூக்களையும் பார்" என்று சேர்த்த பிறகுதான் ஒரே பழுதுக்கு இரண்டு இஷ்யூ திறப்பது நின்றது.