தொழில் பதிவு: ஜிஎஸ்டி நம்பர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் கல்யாண போட்டோ எடுக்கிறேன், 12 வருடமாக. போன மாதம் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணே, ஜிஎஸ்டி எடுத்துட்டேன்" என்று சந்தோஷமாகச் சொன்னான். வருடத்துக்கு 5 லட்சம்கூட வராத வேலை. எனக்குப் பகீர் என்றது. 2019ல் நான் செய்ததை அப்படியே செய்திருக்கிறான். பான் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

உத்யம் பதிவுக்குப் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அரசுத் தளத்தில் இலவசம். 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். புதுப்பிக்கக் கட்டணம் என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள், புதுப்பிப்பதே கிடையாது.

தேவையில்லாமல் ஜிஎஸ்டி எடுப்பது

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி கட்டாயம். பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புகிறவர்கள் மட்டும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. "நம்பர் இருந்தாத்தான் பெரிய வேலை வரும்" என்றார் பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட்.

நம்பர் வாங்கிவிட்டால் முதல் ரூபாயிலிருந்தே வரி. கம்பெனிக்கு பில் போட்டால் அந்த 18 சதவீதத்தை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டார் எதில் கழிப்பார்கள்? 60,000 பேசினால் 60,000தான் தருவார்கள். அதற்குள்ளிருந்து 9,150 ரூபாய்க்கு மேல் வரியாகப் போகும். முழுக்க நம் உழைப்புப் பணம்.

அதைவிட மோசம் ரிட்டர்ன், அதாவது வரவையும் வரியையும் காட்டும் கணக்குத் தாக்கல். 2020 மார்ச்சில் மண்டபங்கள் மூடின. வேலையே இல்லையே, எதைத் தாக்கல் செய்வது என்று விட்டுவிட்டேன். வரவே இல்லாத மாதத்துக்கும் 'நில்' (பூஜ்யம்) ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். வரி உள்ள ரிட்டர்ன் என்றால் 50. ஏஜென்ட் தன் போன் நம்பரையே பதிந்திருந்ததால் எந்தத் தகவலும் எனக்கு வரவில்லை. இடையில் எடுத்த சில சின்னக் கல்யாணங்களின் வரியும் சேர்ந்துகொண்டது. 2021ல் அரசு சலுகை கொடுத்து, பழைய நில் ரிட்டர்ன் ஒன்றுக்கு 500, வரி உள்ளதற்கு 1,000 என்று உச்சவரம்பு வைத்தது. அதில்தான் கட்டி முடித்தேன். அப்படியும் வரியும் வட்டியுமாக, லென்ஸ் வாங்கச் சேர்த்த பணம் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சரி, எடுத்தாகிவிட்டது, தேவையில்லை என்றால்? சும்மா விட்டுவிடாதீர்கள். பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டுவிட்டு ரத்துக்கு விண்ணப்பியுங்கள். ரத்து உத்தரவு வந்த 3 மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஒன்று உண்டு. ரத்தானதோடு முடிந்தது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதற்கும் தாமதக் கட்டணம் ஏறும்.

ஏஜென்ட்டின் போன் நம்பர்

கூடவே கூடாது. ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும்.

இடத்துக்கு இடம் வேறு பெயர்

போர்டில் 'ஸ்டுடியோ', உத்யமில் 'ஸ்டுடியோஸ்' என்று இருந்தால் நடப்புக் கணக்கு தொடங்கும்போது மாட்டுவீர்கள். வங்கியில் பொதுவாகத் தொழில் பெயரில் இரண்டு ஆவணம் கேட்பார்கள். இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தத் தம்பியை நேற்று வீட்டுக்கு வரச்சொல்லி நில் ரிட்டர்னைப் போட வைத்தேன். அவன் கணக்கிலும் ஏஜென்ட்டின் நம்பர்தான் இருந்தது. முதலில் அதை மாற்றுகிறோம், அப்புறம் ரத்து விண்ணப்பம்.