பெங்களூரு உள்ளாட்சி டெண்டர்களில் உள்நாட்டுத் தயாரிப்புக்கான முன்னுரிமையைக் கேட்டுப் பெறுவது எப்படி

பீன்யா, ராஜாஜிநகர், பொம்மசந்திரா பகுதிகளில் பட்டறையோ சிறு தொழிற்சாலையோ நடத்தும் தமிழர்கள் பலர், மாநகராட்சிகளும் குடிநீர் வாரியமும் வாங்கும் பொருட்களைத் தரமாகச் செய்து தரக்கூடியவர்கள். அப்படியிருந்தும் இறக்குமதிப் பொருளைப் பெயர் மாற்றி விற்பவரிடம் விலையில் தோற்றுவிட்டால், அத்துடன் அந்த டெண்டரை மறந்துவிடுகிறார்கள். உள்நாட்டில் தயாரிப்பவருக்கு முன்னுரிமை தரும் ஆணை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து சேராது. டெண்டருக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் விதியைச் சுட்டிக்காட்டி, உரிய நாளுக்குள் சரியான சான்றுடன் கேட்பவருக்கே அது பயன்படும். அதைச் செய்வதற்கான வழி கீழே விளக்கப்படுகிறது.

பணம் யாருடையது என்பதை முதலில் பாருங்கள்

பொதுக் கொள்முதலில் மேக் இன் இந்தியா முன்னுரிமை ஆணையை, மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன் 153(iii) விதியின்கீழ், மத்தியத் தொழில் துறை 2017 ஜூன் 15 அன்று வெளியிட்டது. அதன் எண் பி-45021/2/2017 என்று தொடங்கும். டெண்டர் ஆவணத்தில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுவதுதான் விரைவான சோதனை. ஆணை பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றுள் 2020 செப்டம்பர் 16, 2024 ஜூலை 19 ஆகிய நாட்களில் வந்த திருத்தங்களை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுவது அவசியம்.

இந்த ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்துவது மத்திய அமைச்சகங்களையும் அவற்றின் கீழுள்ள நிறுவனங்களையும்தான். பெங்களூருவின் உள்ளாட்சி அமைப்புகளும் குடிநீர் வாரியமும் 1999ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, அதாவது எல்லோரும் கேடிபிபி என்று சொல்லும் சட்டத்தின்படி, டெண்டர் விடுகின்றன. ஆனால் மத்திய அரசு முழுமையாகவோ பகுதியாகவோ நிதி தரும் திட்டத்துக்காக மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ பொருள் வாங்கினால், அந்தக் கொள்முதலும் மேக் இன் இந்தியா ஆணைக்குள் வந்துவிடுகிறது. அம்ருத், தூய்மை பாரதம் போன்ற திட்டங்களின் பணத்தில் வாங்கப்படும் பம்ப், வால்வு, கண்ட்ரோல் பேனல் போன்றவற்றுக்கு நீங்கள் முன்னுரிமை கேட்பது இந்த அடிப்படையில்தான். அதே மாநகராட்சி தன் சொத்துவரி வருவாயிலிருந்து மட்டும் அதே பொருளை வாங்கினால் மத்திய ஆணை அதைக் கட்டுப்படுத்தாது. அங்கே மாநில அரசின் விதிகளும் டெண்டர் ஆவணத்தில் எழுதியிருப்பதும்தான் செல்லும். இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லா டெண்டருக்கும் ஒரே கோரிக்கையை அனுப்புபவரின் கடிதத்தை எந்தப் பொறியாளரும் பொருட்படுத்த மாட்டார்.

ஆகவே கர்நாடகக் கொள்முதல் போர்ட்டலில் டெண்டரைத் திறந்தவுடன் திட்டத்தின் பெயர், கணக்குத் தலைப்பு, நிர்வாக ஒப்புதல் ஆணை ஆகியவற்றில் மத்தியத் திட்டம் ஏதேனும் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். குறிப்பு தெளிவாக இல்லையென்றால் டெண்டர் விட்ட அலுவலகத்தையே எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பழைய பெருநகர மாநகராட்சியின் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், எந்த மாநகராட்சியின் எந்தப் பிரிவு டெண்டர் விட்டது என்பதையும் கவனித்துக் கடிதத்தை முகவரியிட வேண்டும்.

உள்நாட்டு மதிப்பைக் கணக்கிடும் முறை

ஆணை வழங்குநர்களை மூன்றாகப் பிரிக்கிறது. பொருளின் மதிப்பில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டில் உருவாகியிருந்தால் அவர் கிளாஸ்-1 லோக்கல் சப்ளையர். 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, 50க்குக் கீழ் இருந்தால் கிளாஸ்-2. அதற்கும் குறைந்தால் உள்நாட்டு வழங்குநராகவே கருதப்பட மாட்டார்; உலகளாவிய டெண்டர் தவிர மற்றவற்றில் அவர் கலந்துகொள்ளவும் முடியாது. 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குத் தனி ஒப்புதல் இல்லாமல் உலகளாவிய டெண்டர் விடக்கூடாது. கொள்முதல் முன்னுரிமை கிளாஸ்-1க்கு மட்டுமே உண்டு. கிளாஸ்-2க்குப் பங்கேற்கும் தகுதி மட்டும் கிடைக்கும். உள்நாடு என்பது இந்தியா முழுவதையும் குறிப்பதால், கோயம்புத்தூரில் செய்த மோட்டாரும் பீன்யாவில் செய்த மோட்டாரும் இங்கே சமம். சில பொருட்களுக்கு, அவற்றுக்குப் பொறுப்பான அமைச்சகம் 50 சதவீதத்துக்கு மேல் வரம்பு வைத்திருக்கலாம் என்பதால் அந்த அறிவிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

கணக்கு எளிது. உள்நாட்டு வரிகள் நீங்கலான விற்பனை விலையிலிருந்து, சுங்க வரியும் சேர்ந்த இறக்குமதிப் பாகங்களின் மதிப்பைக் கழித்து, மீதம் விலையில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பலர் தவறு செய்வது எதை இறக்குமதி என்று எண்ணுவது என்பதில்தான். எஸ்.பி. ரோட்டிலுள்ள கடையில் ஜிஎஸ்டி பில்லுடன் வாங்கினாலும், வெளிநாட்டில் செய்த பாகம் இறக்குமதிப் பாகமே. மறுவிற்பனையாளரிடமோ டீலரிடமோ உள்ளூரில் வாங்கிய இறக்குமதிப் பொருள் உள்நாட்டு மதிப்பில் சேராது என்று 2024 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. வெளிநாட்டுக்குச் செலுத்தும் ராயல்டியும் தொழில்நுட்பக் கட்டணமும் அப்படியே. போக்குவரத்து, காப்பீடு, நிறுவுதல், இயக்கிக் காட்டுதல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றையும் உள்நாட்டு மதிப்பு என்று காட்ட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பம்ப் கண்ட்ரோல் பேனல் ஒன்றின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் இறக்குமதிப் பாகங்களான மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் 34,000, பிஎல்சி எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி 12,000, ரிலேக்கள் 3,000, ஆக 49,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் உள்நாட்டு மதிப்பு 51 சதவீதம் என்று மகிழ்ச்சியாக எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த ஒரு லட்சத்துக்குள் போக்குவரத்துக்கும் நிறுவுவதற்கும் சேர்த்து 6,000 ரூபாய் இருக்கிறது. அதை நீக்கினால் மிஞ்சுவது 45,000. அதை முழு விலையால் வகுத்தால் 45 சதவீதம், 94,000 ரூபாயால் வகுத்தால் 47.9 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் கிளாஸ்-2தான். பிஎல்சியை மட்டும் அதே விலையில் இந்தியாவில் தயாரானதாக மாற்றினால் முழு விலைக் கணக்கில் 57 சதவீதம் ஆகிவிடுகிறது. டெண்டருக்கு முந்தைய வாரத்தில் அல்ல, பேனலை வடிவமைக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

முன்னுரிமை என்றால் கூடுதல் விலை அல்ல

கிளாஸ்-1 என்றால் 20 சதவீதம் கூடுதலாக விலை தருவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு, அந்த நம்பிக்கையில் விலை குறித்தவர்கள் நட்டப்பட வாய்ப்புண்டு. அந்த 20 சதவீதம், குறைந்த விலைக்குச் செய்து தருகிறீர்களா என்று உங்களை அழைப்பதற்கான எல்லை மட்டுமே.

100 பேனல்களுக்கான டெண்டரில் கிளாஸ்-2 நிறுவனம் ஒன்று பேனலுக்கு 90,000 ரூபாய் குறித்து எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை குறித்தவர், ஆகிறது என்போம். எல்லை 1,08,000. நீங்கள் 1,00,000 குறித்திருந்தால் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள். பொருளைப் பிரித்து வாங்க முடியும் என்பதால் 50 பேனல்கள் எல்-1க்குப் போகும். மீதி 50ஐ 90,000 ரூபாய்க்கே தருகிறீர்களா என்று கிளாஸ்-1இல் குறைந்த விலை குறித்தவரைக் கேட்பார்கள். அவர் மறுத்தால் எல்லைக்குள் இருக்கும் அடுத்த கிளாஸ்-1 வழங்குநரைக் கேட்பார்கள். ஒருவரும் இசையவில்லையென்றால் அதுவும் எல்-1க்கே போய்விடும். பிரிக்க முடியாத கொள்முதலில் முழு ஆர்டருமே இந்த முறையில் கைமாறும்.

இதிலிருந்து இரண்டு வேலைகள் பிறக்கின்றன. ஒன்று, விலை குறிக்கும் முன்பே எவ்வளவு வரை இறங்க முடியும் என்று முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்வது. அழைப்பு வந்த பிறகு யோசிக்க நேரம் தர மாட்டார்கள். இரண்டாவது, இறங்கிய விலையில் உள்நாட்டு மதிப்பு என்ன ஆகிறது என்று பார்ப்பது. மேலே சொன்ன, பிஎல்சி மாற்றிய பேனலில் இறக்குமதிப் பாகம் 37,000, சேவைகள் 6,000. விலை 90,000 ஆகும்போது மீதம் 47,000, அதாவது 52.2 சதவீதம். இங்கே தப்பித்தோம். ஆனால் விலை குறையும்போது இறக்குமதிப் பாகத்தின் மதிப்பு குறைவதில்லை என்பதால், 51, 52 சதவீதத்தில் நிற்கும் பொருள் விலைக்கு இணங்கிய மறுநாளே 50க்குக் கீழே விழுந்துவிடலாம். பின்னாளில் யாரேனும் சரிபார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். குறைந்தது 55 சதவீதமாவது இருக்கும்படி வடிவமைப்பது நல்லது என்பது என் கருத்து.

கொள்முதலின் மதிப்பீடு 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் இந்த ஆணை பொருந்தாது. விதியைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைத் துண்டு போடக்கூடாது என்றும் ஆணையில் இருக்கிறது.

டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்துக் கேட்பது

சிறு தயாரிப்பாளரைப் பெரும்பாலும் வெளியேற்றுவது விலை அல்ல, நிபந்தனைகள்தான். வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டும், இன்ன பிராண்டு மட்டும் வேண்டும், வேறு நாடுகளுக்கு விற்ற அனுபவம் வேண்டும் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். தேவையின்றி வெளிநாட்டுச் சான்றிதழையோ பிராண்டையோ மாடலையோ குறிப்பிடுவது பாகுபாடான நடைமுறை என்றும், ஏற்றுமதி அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக்கூடாது என்றும் ஆணையின் 10ஆம் பத்தி சொல்கிறது. விற்றுமுதல், உற்பத்தித் திறன் போன்ற தகுதிகளும் கிளாஸ்-1 வழங்குநரை நியாயமின்றி ஒதுக்கும்படி இருக்கக்கூடாது.

இதைக் கேட்க உரிய இடம், விலை குறிப்பதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டம். கூட்ட நாளுக்கு முன்பே எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது. டெண்டர் எண், எந்த மத்தியத் திட்டத்தின் நிதி, ஆணை எண், எந்த நிபந்தனை, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் ஆகிய ஐந்தும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மாற்றாக எந்த இந்தியத் தரநிலை போதும் என்பதை அதன் ஐஎஸ் எண்ணுடன் நீங்களே எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கும் திருத்த அறிவிப்பு வெளியிடுவது எளிதாகும். ஆங்கிலத்தில் எழுதினாலும் முகப்புக் கடிதத்தைக் கன்னடத்தில் வைப்பது நம்முடைய பிழைப்பு நடக்கும் ஊருக்குச் செய்யும் மரியாதை. அலுவலக வேலைக்கும் அது உதவும். பிறகு போர்ட்டலில் கொரிஜெண்டம், அதாவது திருத்த அறிவிப்பு, வருகிறதா என்று கடைசி நாள்வரை பார்த்துக்கொண்டிருங்கள்.

சான்றுகள்

10 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கொள்முதலுக்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் சுயசான்று போதும். அதில் உள்நாட்டு மதிப்பு எத்தனை சதவீதம் என்பதோடு, அந்த மதிப்பு எந்த முகவரியில் உருவாகிறது என்பதும் இருக்க வேண்டும். முகவரியை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் எழுதுவது பரவலாக நடக்கும் பிழை. 10 கோடிக்கு மேல் போனால் கம்பெனிகள் தங்கள் சட்டபூர்வத் தணிக்கையாளரிடமோ காஸ்ட் ஆடிட்டரிடமோ சான்று பெற வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் ஒருவரே உரிமையாளராக உள்ள நிறுவனங்களுக்கும் தொழில்புரியும் சிஏ அல்லது காஸ்ட் அக்கவுண்டண்ட் தரலாம்.

இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகள் பற்றிய உறுதிமொழியும் வேண்டும். அந்நாட்டு நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்னும், 2020 ஜூலை 23 தேதியிட்ட ஆணை மாநிலங்களுக்கும் பொருந்தும். சீனாவிலிருந்து பாகங்கள் வாங்குவதாலேயே நீங்கள் பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அங்கிருந்து முழுப் பொருளாகவே வாங்கி விற்றால்தான் அந்தச் சிக்கல் எழும்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுச் சான்றையும் இணைத்துவிடுங்கள். ஆனால் குறு, சிறு நிறுவனங்களுக்கான 25 சதவீதக் கொள்முதல் ஒதுக்கீடும் 15 சதவீத விலை எல்லையும் மத்திய அமைச்சகங்களுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் விதிக்கப்பட்டவை. அவற்றை மாநகராட்சியிடம் உரிமையாகக் கேட்டுவிட முடியாது.

எண்களைச் சற்று உயர்த்தி எழுதும் ஆசைக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். பொய்ச் சான்று நேர்மை விதியை மீறியதாகக் கருதப்பட்டு, இரண்டு ஆண்டுகள் வரை டெண்டர்களிலிருந்து விலக்கி வைக்கப்படலாம். உண்மையாகவே இங்கே செய்பவரின் இடத்தைப் பொய்யாகச் சொல்பவர் பறித்துக்கொள்கிறார் என்பதால் அந்தத் தண்டனை நியாயமானதே. ஒவ்வொரு பாகத்தின் கொள்முதல் பில்லையும், இறக்குமதியென்றால் சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி நகலையும், கணக்குத் தாளுடன் ஒரே கோப்பில் வையுங்கள்.

மறுக்கப்பட்டால்

விலை உறைகள் திறந்த பிறகு, நீங்கள் எல்லைக்குள் இருந்தும் அழைக்கப்படவில்லை என்றால், அன்றே டெண்டரை ஏற்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டால், கேடிபிபி சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ப்ரீ-பிட் கேள்வியின் நகல், அதற்கு வந்த பதில், சுயசான்று, போர்ட்டலில் வெளியான ஒப்பீட்டு அறிக்கை, திட்டத்தின் நிதி மத்திய அரசுடையது என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை மனுவுடன் இணைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன ஆதாரம் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஆனால் அதற்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் மேல்முறையீட்டுக் கெடு அதற்குள் ஓடிவிடும். விலை குறிக்கும் நாளன்றே அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.