கரையில் நெடுநாள் கிடந்த விசைப்படகு: நீரில் இறக்குமுன் நேரும் தவறுகள்

பல ஆண்டுகள் கரையில் கிடந்த பழைய விசைப்படகை மீண்டும் ஓட்ட நினைப்பவர், பெரும்பாலும் முதல் வேலையாகப் புதிய பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிப் பார்க்கிறார். எஞ்சின் உறுமிவிட்டால் படகு தயார் என்று மகிழ்ந்தும் விடுகிறார். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. சும்மா கிடக்கும் படகில் இரும்புக்கு முன்னால் கெடுபவை ரப்பரும் எரிபொருளுமே; அவற்றின் கேடு எஞ்சின் சத்தத்தில் எப்போதும் தெரிந்துவிடுவதில்லை.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரையே எடுத்துக்கொள்வோம். அதன் ரப்பர் இதழ்களில் சில, பம்பின் உட்சுவரில் அழுந்தி மடங்கிய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கும். மூடியைக் கழற்றி அதை வெளியே எடுத்தால், அவை நிமிராமல் ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்பதையும், அடிப்பகுதியில் மெல்லிய வெடிப்பு ஓடியிருப்பதையும் காணலாம். நீர் ஊட்டாமல் 'சில விநாடிகள்தானே' என்று எஞ்சினை இயக்கினால், உராய்வின் சூட்டிலேயே அந்த இதழ்கள் கிழிந்துவிடக்கூடும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதியது போட்டுவிடுவதே நல்லது. கழற்றியதில் இதழ் ஏதேனும் குறைந்திருந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது; அது குளிர்விப்புப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றும்.

பழைய பெட்ரோலின் மேல் புதியதை ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அடுத்த தவறு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறும்போது நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடிப்பகுதியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் எடுத்துச் சற்றுநேரம் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எரிபொருள் ஹோஸை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை அடித்தால் ஹோஸ் மாற்ற வேண்டியதே.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். இன்போர்டு எஞ்சின் (படகின் உள்ளேயே பொருத்தியது) உள்ள படகில், கிளப்புமுன் எஞ்சின் அறையைத் திறந்து முகர்ந்து பார்த்து, குறைந்தது 4 நிமிடம் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை ஓடவிட வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதைவிட மோசமான தவறு, விலை குறைவு என்பதற்காகக் காருக்குரிய ஸ்டார்ட்டர் மோட்டாரையோ ஆல்டர்னேட்டரையோ பொருத்துவது. அளவில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் படகுக்கென்று செய்தவைபோல், உள்ளே எழும் தீப்பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி தடுக்கும் அமைப்பு அவற்றில் இருக்காது. இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. நீரைத் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண். மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கத் தான் கரையும் உலோகத் துண்டே அனோட்; பாதி கரைந்த அனோடை மாற்றிவிட வேண்டும், அதன்மேல் வர்ணம் பூசக் கூடாது. ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளேயும் புரொப்பெல்லர்ப் பகுதி பின்புறம் வெளியேயும் இருப்பது) படகாயின், பெல்லோஸ் என்னும் மடிப்பு ரப்பர் உறையின் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். அதில் விழும் ஒரு கிழிசல் போதும், படகு மூழ்குவதற்கு. மரப்படகின் கதை வேறு: காய்ந்த பலகைகளின் இடைவெளியில் இறுகிப்போகும் பசையை நிரப்பினால், பலகை ஊறி உப்பும்போது இடமின்றிச் சட்டத்தையே நெரிக்கும்.

நீர்த்துறைக்கு வந்ததும் படகின் வடிகால் துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கைக் கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள். பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் ஒரு வாளி நீர் ஊற்றி, மிதவைச் சுவிட்ச் தானே பம்பை இயக்குகிறதா என்று பாருங்கள். பிறகு படகை டிரெய்லரிலிருந்து அவிழ்க்காமலே பின்னோக்கி நீரில் இறக்கி, பத்து நிமிடம் நிறுத்தி, தளப்பலகையைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஹோஸ் இணைப்பையும் பார்க்க வேண்டும். சொட்டு தெரிந்தால் டிரெய்லரோடு அப்படியே மேலே இழுத்துக்கொள்ளலாம்.