மரப்பெரணிக்கு உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள்

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரப்பர் மர நிழலில் ஒரு மரப்பெரணி நிற்கிறது. தைவான், ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் ஆகியவற்றின் ஈரக்காட்டு இனம். இலை உதிர்ந்த தழும்புகள் அடிமரத்தில் முட்டை வடிவில் அத்தனை அழகாகத் தெரியும்.

தூரில் மட்டும் தண்ணீர் விட்டால் போதாது. அடிமரத்தைச் சுற்றியும் வேர்கள்தான். அதனால் உச்சியில் சுருண்டிருக்கும் குருத்திலிருந்தே நனையும்படி ஊற்ற வேண்டும். மாசி, பங்குனியில் நான் காலையும் மாலையும் ஊற்றுவேன்.

குழியில் மட்கிய இலையோடு தென்னை நார்க்கழிவு. தண்ணீர் தேங்கக் கூடாது. பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றுக்கு மறைவான மூலை பாருங்கள், இலை கருகிவிடும். அப்புறம், உச்சியை வெட்டவே வெட்டாதீர்கள். வளரும் முனை அது ஒன்றுதான்.