அவர் கை தட்டிலேயே இருக்கட்டும்: டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள பெரியவர்களின் சாப்பாட்டு நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் முதியோர் இல்லத்தில் மூன்று பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். மூவரும் நல்ல பிள்ளைகள், பெரியவர்களிடம் முகம் சுளிக்காமல் பேசுகிறார்கள். மதியச் சாப்பாட்டின்போது ஓரமாக நின்று அவர்களைக் கவனித்தேன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளை, நான் செய்த அதே பாசத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கை கழுவிவிடுவது, பல்செட் மாட்டிவிடுவது, நிமிர்ந்து உட்கார வைப்பது, சூடு பார்ப்பது எல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது

கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். நம் ஊரில் முதல் "வேண்டாம்" மரியாதைக்குச் சொல்வது. எத்தனையோ மறந்தபிறகும் அந்த ஒரு சொல் நாக்கில் தங்கிவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் அதை நம்பித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எங்களிடம் ஓர் அம்மாயி இருந்தார். தட்டை வைத்தால் தள்ளிவைத்துவிட்டு, "அவரு சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அதை எடுத்துச் சொன்னால் அன்றுதான் செய்தி கேட்டதுபோல் அழுவார், பிறகு சாப்பாடே இறங்காது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகே உட்கார்ந்து பழகியவர் அவர். நான் என் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாரும் சாப்பிட்டாச்சுங்க அம்மாயி, நானும் நீங்களுந்தான் பாக்கி" என்றேன். சாப்பிட்டார். அப்புறம் தினமும் அப்படித்தான். இன்னொரு பெரியவர் சாப்பாட்டைக் கண்டாலே சட்டைப் பையைத் தடவுவார். ஓட்டல் என்று நினைத்து, கையில் காசில்லையே என்று பயந்துகொண்டிருந்தார். அட்டையில் ஒரு டோக்கன் எழுதிக் கையில் கொடுத்தோம். பயம் போய்விட்டது.

"வேண்டாம்" என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாயில் புண், மலச்சிக்கல், புதிதாக மாற்றிய மாத்திரை கொடுக்கும் தூக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

வெள்ளைத் தட்டில் தயிர் சாதம்

டிமென்ஷியாவில் கண் நன்றாக இருந்தாலும், பார்ப்பதைப் பிரித்து அறிவது குறைந்துவிடும். வெள்ளைத் தட்டில் இட்லியும் தயிர் சாதமும் அவர்களுக்குத் தெரிவதே இல்லை. எவர்சில்வர் தட்டில் டியூப்லைட் பளபளத்தால் அதுவும் தொல்லைதான். பூப்போட்ட தட்டில் அச்சடித்த பூவைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் முற்றிய நோயாளிகளுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புப் பாத்திரங்களில் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும், குடிப்பது 84 சதவீதமும் கூடியது. ஆய்வில் இருந்தது ஒன்பதே பேர்தான். ஆனாலும் செய்து பார்க்கச் செலவில்லாத விஷயம். நாங்கள் சிவப்புத் தட்டு தேடிப் போகவில்லை. வாழை இலையை வட்டமாக நறுக்கித் தட்டின் மேல் போட்டோம். பச்சையின்மேல் சோறு பளிச்சென்று தெரிகிறது. அதோடு, இலையைக் கண்டதும் விருந்துக்கு வந்ததுபோல் பலர் தாமாகவே நேராக உட்கார்ந்தார்கள்.

ஊட்டிவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. கை நன்றாக இருக்கும் ஒருவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடமாகியும் சோற்றைத் தொட்டிருக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் பெண் "பாவம், சாப்பிடத் தெரியலை" என்று சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பாள். பத்து நிமிடத்தில் தட்டு காலி. ரிஜிஸ்டரில் 'முழுவதும் சாப்பிட்டார்' என்று எழுதிவிடலாம்.

நான் சேர்ந்த புதிதில் என் பொறுப்பில் பன்னிரண்டு பேர். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அவர்களில் ஒருவர் தையல்காரர், ஐம்பது வருடம் சொந்தக் கடை வைத்திருந்தவர். பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது, கை மட்டும் நிற்கவில்லை. மடியில் விரித்த துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மடித்து, நகத்தால் அழுத்தி நீவி, அடுத்த மடிப்புக்கு நகர்வார். ஒரு பக்கம் முழுக்க மடித்து முடித்தபிறகே சோற்றில் கை வைப்பார். அவர் ஒருவருக்கே நாற்பது நிமிடம் ஆகும். நான் துண்டை உருவி வைத்துவிட்டு ஊட்ட ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பணியாரம் சுட்டு எடுத்து வந்து தட்டில் வைத்தார். அப்பா பணியாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். கை மடியிலேயே கிடந்தது. "எங்கப்பா தானாத்தானேங்க சாப்பிட்டுட்டு இருந்தாரு?" என்று மகள் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெயரும் முகமும் தேதியும் அழிந்தபின்னும் கை பழகிய வேலை வெகுநாள் நிற்கும். பிசைவது, உருட்டுவது, வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் அந்த வகைதான். ஆனால் தினமும் செய்தால்தான் நிற்கும். நமக்குக் கட்டுப் போட்ட கை ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அவர்களுக்கு விட்டுப்போன பழக்கம் திரும்புவது மிகவும் கடினம். தையல்காரருக்கு இரண்டு மாதம் முயன்றும் பாதிதான் திரும்பியது.

இன்னொரு சேதமும் உண்டு. நம் கை வாய்க்கு அருகே வரும்போதே வாயும் தொண்டையும் தயாராகிவிடும். அடுத்தவர் கையில் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாது. புரை ஏறும். சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும், நிமோனியா என்னும் நுரையீரல் தொற்றில் முடியலாம். முதியவர்களில் யாருக்கு இந்த நிமோனியா வருகிறது என்று தேடிய ஓர் அமெரிக்க ஆய்வு 1998இல் வந்தது. விழுங்குவதில் சிக்கல் இருப்பது மட்டும் அதற்குப் போதுமானதாக இல்லை. சாப்பிட அடுத்தவரை நம்பியிருப்பது முன்வரிசைக் காரணமாக நின்றது. ஊட்டிவிட்ட வேகத்தில் நான் அவருக்கு எவ்வளவு பெரிய ஆபத்தைக் கொடுத்தேன் என்று பின்னால் படித்தபோதுதான் புரிந்தது.

சரி, தொடாமல் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது? பெரும்பாலும் அவருக்குத் தடுமாற்றம் தொடக்கத்தில்தான். முதல் வாய் உள்ளே போய்விட்டால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். எனவே முதலில் காத்திருங்கள். பிறகு எதிரே உட்கார்ந்து நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்கள். "சாதம் எடுங்க" என்று ஒரே ஒரு சின்ன வாக்கியம். அதற்கும் அசையவில்லையென்றால் முழங்கையை லேசாகத் தொடுங்கள். பிறகு அவர் கைக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்து, இரண்டு கையுமாக முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோங்கள். மேலிருந்து பிடித்தால் யாரோ இழுக்கிறார்கள் என்று உதறுவார்கள்.

அதற்கும் சரிப்படாதவர்களுக்கு நான் செய்வது நிலாச்சோறு. சின்ன வயதில் பாட்டி நம்மைச் சுற்றி உட்கார வைத்து, உருண்டை பிடித்து உள்ளங்கையில் போடுவாரே, அதேதான். உருண்டையை உள்ளங்கையில் வைத்தால் நெடுநாள் தூங்கிக்கிடந்த கைகூட மடங்கி மேலே எழும்பும். தையல்காரருக்கு முதல் இரண்டு உருண்டை அப்படிக் கொடுத்தால் மூன்றாவதைத் தானே எடுத்தார்.

நேரம் இல்லை என்பார்கள், எனக்கும் இருக்கவில்லை. மெதுவாகச் சாப்பிடும் நான்கு பேரை இருபது நிமிடம் முன்னதாக உட்கார வைக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். பாதி தட்டு மீந்தால் பரவாயில்லை, நான்கு மணிக்கு ஒரு வாழைப்பழம், கொழுக்கட்டை கொடுத்தால் ஆயிற்று. ஆனால் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இறங்கிக்கொண்டே போனால் கூடுதல் உதவி தேவை. அப்போது 'தானே சாப்பிடட்டும்' என்று விட்டுவைக்கக் கூடாது.

ஸ்பூன்

வாழ்நாள் முழுக்கக் கையால் சாப்பிட்டவருக்கு ஸ்பூன் வேண்டாம்.

அண்ணாந்து குடிக்க விடுவது

வாய் படாமல் குடித்தே பழகியவர்கள் நம் பெரியவர்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்கிறது, தண்ணீர் அங்கே போய்விடலாம். அவருக்கென்று தனி டம்ளர் வைத்து, "இது உங்க டம்ளர்தானுங்க" என்று சொல்லி, வாய் வைத்துக் குடிக்கப் பழக்குங்கள்.

டிவி

அணைத்துவிடுங்கள்.

தட்டு நிறைய வகைகள்

ஒரு நேரத்தில் ஒன்று, அல்லது இரண்டு.

எல்லாவற்றையும் மிக்சியில் அடிப்பது

ஒருநாள் இருமினார் என்பதற்காகச் சோறு, குழம்பு, பொரியல் அனைத்தையும் சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். அந்தக் கூழைக் கையால் எடுக்க முடியாது. எடுக்க முடியாவிட்டால் திரும்பவும் ஊட்டல்தான். உண்மையில் விழுங்கச் சிரமம் இருந்தால் மருத்துவரிடமோ விழுங்கும் பயிற்சி தருபவரிடமோ காட்டி, எந்தப் பதம் என்று கேளுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ஈரமாகக் கரகரக்கும் குரல், கன்னத்தில் அடக்கிய சோறு ஆகியவை அதன் அடையாளங்கள். சிரமம் இல்லாதவர்களுக்குக் கையில் பிடிக்கிற உணவாகக் கொடுங்கள்: நெய் தடவிய இட்லித் துண்டு, மெத்தென்ற சப்பாத்திச் சுருள், வேகவைத்த காய். உட்காரவே மாட்டேன் என்று நடந்துகொண்டிருப்பவர், சற்று நின்று கையில் வாங்கிக்கொள்வார். உதிரியான புட்டு, வேர்க்கடலை, முறுக்கு மட்டும் வேண்டாம்.

கை நின்றபிறகு டியூப் கேட்பது

கடைசிக் கட்டத்தில் கை உண்மையாகவே நின்றுவிடும். அப்போது ஊட்டத்தான் வேண்டும், அது தவறே இல்லை. பயந்துபோன குடும்பத்தினர், மூக்கு வழியாகவோ வயிற்றிலோ உணவு செலுத்தும் டியூப் போடச் சொல்வார்கள். முற்றிய டிமென்ஷியாவில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ தெரியவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் 2014இல் டியூபைப் பரிந்துரைக்காமல், கவனமாகக் கையால் ஊட்டுவதையே சொன்னது. குடும்பத்தோடு உட்கார்ந்து மருத்துவர் இதைப் பேச வேண்டும், அதுவும் நெருக்கடி வருவதற்கு முன்பே.

தையல்காரருக்கும் அந்தக் கட்டம் வந்தது. இந்தமுறை துண்டை அவர் மடியிலிருந்து எடுக்கவில்லை. ஊட்டுவதற்கு முன்னால் ஒரு சப்பாத்தித் துண்டை அவர் உள்ளங்கையில் வைப்பேன். அதன் ஓரத்தை இரண்டு விரலால் மடித்து, நகத்தால் மெல்ல அழுத்துவார். முடித்துவிட்டு வாயைத் திறப்பார்.