பராமரிப்பவர் வாரத்தில் சில மணி நேரம் வீட்டை விட்டு வெளியே செல்வது எப்படி

திருகோணமலையில் மனநோயுள்ள ஒருவரைப் பராமரிக்கும் தாயோ, மனைவியோ, சகோதரியோ கிளினிக் நாளைத் தவிர வேறு நாளில் படி தாண்டத் தயங்குவது வழக்கம்; தான் வெளியே போனால் நோயாளியைக் கைவிட்டதாகிவிடும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில் நாள் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பது இருவருக்கும் சுமையாகலாம். 1972இல் லண்டனில் பிரவுண், பேர்லி, விங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், குறைகூறலோ பகையோ அளவுமீறிய கவலையோ மிகுந்த வீடுகளுக்குத் திரும்பிய ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) நோயாளிகளில் 58 வீதத்தினருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. ஏனைய வீடுகளில் அது 16 வீதமே. குறைகூறல் மிகுந்த அந்த வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடியிருந்தது. இது குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்றல்ல. களைத்த மனத்திலிருந்து கடுஞ்சொல் எளிதில் வந்துவிடும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

"எனக்கு உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் உறவினர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாறாக, "செவ்வாய் பின்னேரம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை திண்ணையில் இருங்கள் சித்தி, தம்பிக்கு ஐந்து மணிக்குத் தேநீர் கொடுங்கள்" என்று நாளும் நேரமும் வேலையும் குறித்துக் கேளுங்கள். சித்திக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "நரம்பு வருத்தம்" என்று மூடி மறைப்பதைவிட, அவர் குளிசை எடுக்கிறார், சத்தம் கூடினால் குழம்பிவிடுவார், விவாதிக்காமல் மெதுவாகப் பேசினால் போதும் என்று சொல்வதே பயன் தரும்.

ஒரு தாளில் குளிசைகளின் பெயர், அளவு, நேரம், கிளினிக் கொப்பி இருக்கும் இடம், உங்கள் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். நோய் திரும்புவதற்கு முன் அவரிடம் வழக்கமாகத் தோன்றும் அறிகுறிகளையும் சேருங்கள். பலருக்கு முதலில் குறைவது உறக்கம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தையும் எழுதுங்கள். தற்கொலைப் பேச்சு எழுந்தால் அன்றைய வெளிப் பயணத்தைக் கைவிட்டு, அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். குளிசைகளையும் பூச்சிநாசினியையும் எப்போதும் பூட்டியே வையுங்கள்.

வெளியே செல்லும் அந்த இரண்டு மணி நேரத்தில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவது ஓய்வில் சேராது. பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஏமாந்துபோகிறார்கள். டச்சுக் குடாக் கடற்கரையில் தோழியோடு நடக்கலாம், கோணேசர் கோவிலுக்குப் போய் அமைதியாக உட்காரலாம். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதிலும் தவறில்லை, அதற்காகக் குளிசையை நிறுத்தாதவரை.

மூதூர், கிண்ணியாப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிளினிக் பயணமே ஒரு பகலைத் தின்றுவிடும். வீட்டுக்கு அண்மையில் மனநலக் கிளினிக் நடக்கிறதா, தாதியர் வீட்டுக்கு வருவார்களா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள். முடிந்தால் சித்தியையும் ஒருமுறை உடன் அழைத்துப்போய் வைத்தியரிடம் பேசவிடுங்கள்.

முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும். போகுமுன் எப்போது திரும்புவீர்கள் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கே திரும்புங்கள், வந்ததும், "குளிசை போட்டாயா, என்ன செய்தாய்?" என்று விசாரிக்காமல் முதலில் ஒரு தேநீர் குடியுங்கள்.